பந்தி வஞ்சனை அறியாத ரொட்டி

பிரெஞ்சு மார்க்கெட்

மிஸிஸிப்பி மாநதி சமுத்திரத்தோடு கலப்பதற்கு முன் பிறைச்சந்திரனாக வளைந்தோடும் ஓரிடத்தில், 1718-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்து, இடையில் ஸ்பானியர் ஆண்டு, 1803-இல் அமெரிக்கர் விலை கொடுத்து வாங்கிய நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், தெருவில் நிற்பவன் நதியைப் பார்க்க விரும்பினால் படியேறித்தான் பார்க்கவேண்டும். நகரத்தின் பல பகுதிகள் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தவை. நதியோ இரு கரைகளுக்கு நடுவே உயர்ந்து செல்கிறது. வெள்ளக் காலத்தில் கரைக்கு அப்பால் போகும் கப்பல், தெருவில் நடப்பவனின் தலைக்கு மேலே போகிறது. காரைக்காலை அடுத்த ஒரு கடைமடைக் கிராமத்தில் பிறந்து, ஐப்பசி கார்த்திகை இரவுகளில் ஊர்ப் பெரியவர்கள் அரிக்கேன் விளக்கோடு அரசலாற்றங்கரையைச் சுற்றிவருவதைக் கண்டு வளர்ந்த எனக்கு, கரையை நம்பி வாழும் ஜனங்களின் ஊர் என்ற வகையில் இந்நகரம் முதல் நாளிலேயே அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்த நெருக்கத்தை இன்னும் வளர்த்தது காப்பி. டெகேட்டர் வீதியில் 1862 முதல் நடந்துவரும் கஃபே து மோந்த் என்னும் கடையில், பச்சையும் வெள்ளையும் கோடிட்ட பந்தலின் கீழ் உட்கார்ந்து, கொதிக்கும் பாலைச் சரிபாதி சேர்த்த காப்பியை ஒரு வாய் குடித்தவுடன், கும்பகோணத்துக் காப்பிக் கடைகளில் பழகிய நாக்கு தனக்குத் தெரிந்த ஒன்றை அடையாளம் கண்டுகொண்டது. அது சிக்கரி. 1860-களில் உள்நாட்டுப் போரின்போது துறைமுகம் முற்றுகைக்குள்ளாகிக் காப்பிக்கொட்டை அருகிப்போனபோது, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஏற்கெனவே அறிந்திருந்த சிக்கரிக் கிழங்கை வறுத்துப் பொடித்துக் கலந்து ஊரார் சமாளித்தார்கள் என்றும், போர் முடிந்த பிறகும் அந்தக் கசப்பை விட மனம் வரவில்லை என்றும் சொல்கிறார்கள். பஞ்சத்தில் கைக்கொண்டதைச் செழிப்பிலும் கைவிடாமை இவ்வூர்ச் சமையலின் சுபாவம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தச் சுபாவத்தின் உன்னதமான உதாரணத்தைத் தேடித்தான் நான் அங்கே போயிருந்தேன். காப்பிக் கடையை ஒட்டினாற்போல் நதிக்கரை நெடுக நீண்டு கிடக்கும் பிரெஞ்சு மார்க்கெட்டில், 1922-ஆம் ஆண்டு, பென்னி மார்ட்டின், குளோவிஸ் மார்ட்டின் என்னும் சகோதரர் இருவர் ஒரு காப்பி, சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். லூயிஸியானா மாகாணத்தின் ரேஸ்லேண்ட் என்ற சிற்றூரிலிருந்து பிழைப்புக்காக வந்து, நகரத்து டிராம் வண்டிகளில் கண்டக்டர்களாக வேலை பார்த்துவிட்டு, பிறகு அதை விட்டு வியாபாரத்தில் இறங்கியவர்கள் அவர்கள். அந்தக் கடை இன்று இல்லை. ஆனால் அவர்கள் கையால் பேர்பெற்ற போ-பாய் என்னும் சாண்ட்விச்சை, ஐந்து நிமிஷம் நடந்தால் ஒரு கடையிலாவது வாங்கிவிடலாம் என்னும்படியாக, நகரம் முழுவதும் இன்றும் விற்கிறார்கள்.

செயின்ட் சார்லஸ் டிராம்

போ-பாயின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தால் டிராமின் சரித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். ஆகையால் டிராமில் ஏறிவிட்டே சொல்கிறேன். 1835-இல் தொடங்கிய செயின்ட் சார்லஸ் டிராம் பாதை, உலகத்தில் இன்றும் இடையறாது நடந்துவரும் தெரு ரயில் பாதைகளுள் மிகப் பழமையானது என்று போற்றப்படுகிறது. ஆலிவ் பச்சை நிறம் பூசி, 1920-களில் செய்த பழைய வண்டிகள்; முதுகுச் சாய்வை முன்னும் பின்னும் தள்ளி அமைத்துக்கொள்ளக்கூடிய மரப் பெஞ்சிகள்; கண்ணாடியை மேலேற்றிவிட்டால் முகத்தில் அடிக்கும் ஈரக் காற்று. வீதியின் நடுவே புல் வளர்ந்த திட்டின் மேல் வண்டி ஆடி அசைந்து செல்ல, இரு பக்கத்து ஓக் மரங்களும் கிளைகளைக் கோத்து நிழல் தருகின்றன. திருவிழா ஊர்வலத்தில் வாரியிறைத்த மணிமாலைகள் அந்தக் கிளைகளில் சிக்கி, மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் மினுங்கிக்கொண்டிருக்கின்றன. சென்னையில் 1895-இல் தொடங்கி 1953-இல் நின்றுபோன டிராமைப் பற்றி என் தகப்பனார் எவ்வளவோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் ஆசையோடு விவரித்த அந்தக் கணகணவென்ற மணியோசையை நான் முதன்முதலாகக் காதாரக் கேட்டது இந்த வீதியில்தான்.

1929-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி, இந்நகரத்து டிராம் ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கம்பெனி வெளியூர்களிலிருந்து ஆட்களைத் தருவித்து வண்டியை ஓட்டப் பார்த்தது. ஜனங்கள் திரண்டு மறித்தார்கள். கானல் வீதியில் ஒரு வண்டி தீக்கிரையாயிற்று. நாட்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. சம்பளம் இல்லாத வீடுகளில் அடுப்பு அணையத் தொடங்கிய அந்த வேளையில், முன்னாள் கண்டக்டர்களான மார்ட்டின் சகோதரர்கள் தொழிற்சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: சங்கத்து அங்கத்தினர் யாராயினும் தங்கள் கடைக்கு வந்து இலவசமாக உண்ணலாம், எத்தனை காலமானாலும் உங்கள் பக்கமே நிற்போம் என்பது அதன் சாரம். வேலைநிறுத்தக்காரர் ஒருவர் கடைவாசலில் தலை காட்டும்போதெல்லாம், "இதோ இன்னொரு ஏழைப் பையன் வருகிறான்" என்று உள்ளே இருப்பவர்கள் குரல் கொடுப்பார்களாம். "புவர் பாய்" என்னும் அந்த அழைப்பே சுருங்கி, சாண்ட்விச்சுக்குப் போ-பாய் என்ற பெயராக நிலைத்தது என்பது ஊரார் கூற்று.

இந்த வரலாற்றில் என்னை ஆட்கொண்ட பகுதி இனித்தான் வருகிறது. அக்காலத்துப் பிரெஞ்சு ரொட்டி, நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்பியிருந்தது. அதை வெட்டி நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுக்கும்போது முனைத்துண்டுகள் வீணாயின. மார்ட்டின் சகோதரர்கள் ஜான் ஜெண்டூசா என்ற ரொட்டிக்காரரிடம் போய் யோசனை கேட்டார்கள். அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அகலமாக, 40 அங்குல நீளத்தில் புதிய ரொட்டி ஒன்றைச் சுட்டுக் கொடுத்தார். சேதாரத்தைக் குறைப்பதற்காகத்தான் அதைச் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதனால் விளைந்த பயனை எண்ணிப் பாருங்கள்: வரிசையில் முதலில் நின்றவனுக்கு நடுத்துண்டு, கடைசியில் நின்றவனுக்கு முனைத்துண்டு என்ற பேதம் அன்றோடு ஒழிந்தது. தெரிந்தவனுக்கு நெய்யும் தெரியாதவனுக்கு மோருமாகப் பரிமாறுவதைப் பந்தி வஞ்சனை என்று சொல்லி, அதைப் பாபங்களுள் ஒன்றாகக் கருதியவர்கள் நம் முன்னோர்கள். பந்தியில் வஞ்சனை செய்ய மனம் வந்தாலும் கைக்கு வழியில்லாமல் ரொட்டியின் உருவத்தையே திருத்தியமைத்த ஒரு சமையலறையை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

பேயூ செயின்ட் ஜான்

கானல் வீதி டிராமில் வடக்கே சென்று இறங்கிச் சற்று தூரம் நடந்தால், பேயூ செயின்ட் ஜான் என்னும் அமைதியான நீரோடை வருகிறது. அதன் அருகே, ஹேகன் அவென்யூவின் முனையில், பார்க்வே பேக்கரி என்ற கடை இருக்கிறது. 1911-இல் ரொட்டிக் கடையாகத் தொடங்கி, 1929-இன் வேலைநிறுத்த காலத்தில் போ-பாய் செய்யப் பழகி, அக்கம்பக்கத்துத் தொழிற்சாலை ஜனங்களுக்குச் சோறிட்டு வளர்ந்து, 1990-களில் மூடிக் கிடந்து, மறுபடியும் உயிர்பெற்ற கடை அது. மேஜை விரிப்பு கிடையாது. வெள்ளித் தட்டு கிடையாது. வரிசையில் நின்று ஜன்னலில் சொல்ல வேண்டும், பெயரை எழுதிக்கொள்வார்கள், தயாரானதும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். மருத்துவமனை உடையணிந்த தாதிகளும், சுண்ணாம்பு படிந்த காலணியோடு கொத்தனார்களும், கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த வக்கீல்களும் அந்த ஒரே வரிசையில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அம்மாள், எனக்கு முன்னே நின்ற கிழவரை அழைத்தது போலவே என்னையும் "பேபி" என்று அழைத்து, "டிரெஸ்டா?" என்று கேட்டார். லெட்டூஸ் கீரை, தக்காளி, ஊறிய வெள்ளரி வில்லை, மயோனைஸ் ஆகிய நான்கும் வைக்கலாமா என்பது அந்தக் கேள்வியின் பொருள். வைக்கச் சொன்னேன். வறுத்த இறால் போ-பாய் ஒன்றும், குளிர்ந்த பார்க்ஸ் ரூட் பீர் ஒரு புட்டியும் பெற்றுக்கொண்டு வெளியே வந்தால், மரப் பெஞ்சிகளில் இடமில்லை. தனியே உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

வெள்ளைக் காகிதத்தைப் பிரித்தேன். முழங்கை நீளத்துக்கு ரொட்டி. அதன் வாய் மூட முடியாதபடி உள்ளே இறால்கள் அடைந்திருந்தன. மெக்ஸிகோ வளைகுடாவில் பிடித்து, மாவில் புரட்டி, எண்ணெயில் பொரித்தெடுத்த அந்த இறால்கள் ரொட்டிக்குள் அடங்காமல் காகிதத்தில் உருண்டன. ரொட்டியின் மேலோடு காய்ந்த வெற்றிலையின் கனமே இருக்கும். விரல் பட்டவுடன் நொறுங்கிப் பொடிப்பொடியாக மடியில் உதிர்கிறது. உள்ளே இருக்கும் பாகமோ காற்றையே பிசைந்து சுட்டதாகத் தோன்றும் அளவுக்கு மிருதுவானது. கடிக்கும்போது முதலில் மேலோட்டின் சத்தம். பிறகு இறாலின் இனிப்பு. அதன் பின்னே வெள்ளரியின் புளிப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியாக மிளகாய்ச் சாற்றின் உறைப்பு. இவ்வளவையும் சுமக்கிற ரொட்டி, தன் சுவையைச் சிறிதும் முன்னே நீட்டாமல், எல்லாவற்றையும் ஏந்திக் கொடுத்துவிட்டுக் கரைந்து போகிறது. வளைகுடாவின் ஈரக் காற்றில் சுட்டால்தான் இந்தப் பதம் வரும் என்று இவ்வூர் ரொட்டிக்காரர்கள் சாதிக்கிறார்கள்.

பக்கத்திலிருந்த முதியவர் தின்றது மாட்டிறைச்சிப் போ-பாய். மணிக்கணக்கில் வெந்து நாராகப் பிரிந்த இறைச்சியும் கெட்டியான குழம்பும் ரொட்டியில் ஊறி, முழங்கை வரை வழிந்தன. "முன்னால் குனிந்து சாப்பிடுங்கள், நண்பரே. சட்டையைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி" என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். இறைச்சி வாங்கக் காசில்லாத காலத்தில் உருளைக்கிழங்கு வறுவலை ரொட்டியில் வைத்து, மேலே இந்தக் குழம்பை ஊற்றித் தருவார்களாம். அந்தப் போ-பாயும் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நாற்பது வருஷம் தபால்காரராக உழைத்து ஓய்வுபெற்றவர் அவர். நான் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியாவின் கிழக்குக் கடற்கரை என்றேன். சுனாமி வந்த கரையா என்று உடனே கேட்டார்.

2004 டிசம்பர் 26-இல் எங்கள் கரையைக் கடல் கொண்டது. எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்ட் 29-இல், கத்ரீனா சூறாவளியில் கால்வாய்க் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஐந்தில் நான்கு பாகம் தண்ணீரில் மூழ்கியது. அவர் வீட்டில் தண்ணீர் மேற்கூரையின் விளிம்பைத் தொட்டதாம். ஹூஸ்டனில் மகள் வீட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, தெருவில் மனிதர்களைக் காணவில்லை. ஆனால் இந்தக் கடையில், இதுவும் வெள்ளத்தில் முழுகி எழுந்த கடைதான், விளக்கு எரிந்தது. "இதோ இதே ரொட்டியைத் தின்றபோதுதான் ஊருக்கு வந்துவிட்டேன் என்று நம்பினேன்" என்றார். சுனாமிக்கு மறுநாள் மேற்கேயுள்ள கிராமங்களிலிருந்து முன்பின் அறியாதவர்கள் லாரிகளில் அனுப்பிய புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பற்றி நான் சொன்னேன். அவர் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பொட்டலத்தில் எத்தனை பேருக்குச் சோறு இருக்கும், எதில் கட்டியிருந்தார்கள், காரம் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பெருந்துயரம் கண்டவர்கள் துயரத்தைக் காட்டிலும் அந்நாளில் கிடைத்த உணவைப் பற்றியே விஸ்தாரமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

ட்ரெமே

ரொட்டியின் சமத்துவத்தைப் புகழ்ந்து எழுதுகிறவன் இன்னொரு செய்தியை மறைத்துவிடலாகாது. மார்ட்டின் சகோதரர்கள் அன்னமிட்ட அதே 1929-இல், அந்தக் கண்டக்டர்கள் வேலை செய்த டிராம் வண்டிகளில், வெள்ளையரையும் கறுப்பரையும் பிரிக்கும் மரப்பலகைத் தடுப்பு ஒன்று ஆசனங்களின் மேல் இருந்தது. இந்நகரத்தில் ரயிலேறி, வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்ததற்காக 1892-இல் கைதான ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கில், 1896-இல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினை செல்லும் என்று தீர்ப்பளித்தது. டிராம்களிலிருந்து தடுப்பு அகன்றது 1958-இல்தான். தீண்டாமையின் பெயரால் டீக்கடையில் தனிக் குவளை வைத்த தேசத்திலிருந்து வந்தவனுக்கு அந்த மரப்பலகையின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகையால் ட்ரெமே என்னும் பழைய கறுப்பர் பேட்டைக்குப் போய், ஆர்லியன்ஸ் அவென்யூவில் உள்ள டூக்கி சேஸ் உணவகத்தைத் தரிசித்தேன். 1941-இல் தெருமுனைச் சாண்ட்விச் கடையாக, போ-பாய் விற்றுக்கொண்டுதான் அதுவும் தொடங்கியது. அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த லியா சேஸ் அம்மையார், அதைக் கறுப்பர்கள் கௌரவமாக அமர்ந்து உண்ணும் போஜனசாலையாக வளர்த்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உண்பது சட்ட விரோதமாக இருந்த நாளில், உரிமைப் போராட்டத்தின் தலைவர்கள் அங்கே மாடியறையில் கூடி, நிறபேதமின்றிச் சேர்ந்து உண்டு, அடுத்த நாள் செய்ய வேண்டியதை ஆலோசித்தார்கள். 1961-இல் நிறப் பிரிவினையை எதிர்த்துப் பஸ் ஏறிச் சிறை சென்ற ஃப்ரீடம் ரைடர்களுக்கும் அம்மையார் சோறிட்டார். 2019-இல் தமது 96-ஆம் வயதில் காலமாகும் வரை அவர் சமையலறையை விடவில்லை.

நான் போன மத்தியானம் அங்கே கம்போ கிடைத்தது. இறாலும் நண்டும் தொத்திறைச்சியும் சேர்ந்து கறுத்துக் கொதித்த அந்தக் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றிக்கொண்டபோது, நெடுநாளைக்குப் பிறகு சோற்றைக் கண்ட திருப்தி உண்டாயிற்று. சுவரெங்கும் கறுப்பின ஓவியர்களின் சித்திரங்கள் தொங்கின. பரிமாறிய இளைஞர், கேட்காமலே இரண்டாவது கரண்டி சோறு வைத்துவிட்டு, "வெளியூரிலிருந்து வந்தவர் பசியோடு போகக் கூடாது" என்றார். மார்ட்டின் சகோதரர்கள் தொடங்கிய காரியத்தில் விட்டுப்போன பாதியை இந்த வீடுதான் செய்து முடித்தது என்பது என் அபிப்பிராயம்.

கிழக்கு நியூ ஆர்லியன்ஸ்

உல்லாசப் பிரயாணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத கிழக்குப் பகுதியில், செஃப் மென்டூர் நெடுஞ்சாலை மீது, டோங் ஃபுவாங் என்னும் வியட்நாமியர் பேக்கரி இருக்கிறது. 1975-இல் சைகோன் வீழ்ந்த பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர் பலர் இப்பகுதியில் குடியேறினார்கள். சதுப்பு நிலமும் வெக்கையும் இறால் படகும் அவர்களுக்குப் பழக்கமானவை. 1982-இல் அவர்களில் ஒரு குடும்பம் தொடங்கிய இந்த பேக்கரி, நகரத்தின் பல போ-பாய் கடைகளுக்கு ரொட்டி சுட்டுத் தருகிறது. 2018-இல் அமெரிக்கச் சமையல் உலகின் ஜேம்ஸ் பியர்ட் விருதும் பெற்றது.

அங்கே விற்கும் பான் மீ சாண்ட்விச்சை ஊரார் வியட்நாம் போ-பாய் என்றே சொல்லுகிறார்கள். பன்றி இறைச்சியோடு ஊறிய முள்ளங்கியும் காரட்டும் வைத்து, கொத்தமல்லித் தழையும் நறுக்கிய பச்சைமிளகாயும் தூவியிருந்தது. பச்சைமிளகாய் பல்லில் பட்ட க்ஷணம் கண்ணில் நீர் வந்தது. அந்த நீர் எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது. பிரெஞ்சுக்காரர் கொண்டுபோன ரொட்டியைச் சைகோன் தன் வழியில் மாற்றியது. அதே பிரெஞ்சுக்காரரின் ரொட்டியை நியூ ஆர்லியன்ஸ் தன் வழியில் மாற்றியது. இரண்டும் நூறாண்டுகளுக்கு மேல் தனித்தனியே வளர்ந்து, ஒரு யுத்தத்தின் முடிவில் இந்த நெடுஞ்சாலையோரத்தில் சந்தித்துக்கொண்டன. பிரெஞ்சுக் கொடி பறந்த எங்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அந்நாளில் சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போன தமிழர் அநேகர். அவர்களும் இந்த ரொட்டியின் தாயாதி ஒன்றைத் தின்றிருப்பார்கள்.

மார்ட்டின் சகோதரர்களின் கதைக்குத் திரும்பினால், 1929-இன் வேலைநிறுத்தம் அக்டோபரில் முடிந்தது. தொழிலாளர் பக்கம் தோற்றது. அதே மாதத்தில் பங்குச் சந்தை சரிந்து, தேசம் முழுவதையும் வறுமை பிடித்தது. இலவசமாகக் கொடுத்தால் கடை நொடித்துப் போகும் என்று கணக்குப் பார்ப்பவன் சொல்லியிருப்பான், நடந்ததோ நேர்மாறானது. மலிவான விலைக்கு வயிறு நிறைய உண்ணத் தருகிற இடம் என்று பெயரெடுத்த மார்ட்டின் சகோதரர்களின் கடை அந்தப் பஞ்ச காலத்திலேதான் பெருகிப் பெரியதாயிற்று. ஜெர்மானியரும் இத்தாலியரும் வியட்நாமியரும் சுட்டுத் தந்த ரொட்டியில், வளைகுடாவின் இறாலை வைத்து, கறுப்பரும் வெள்ளையரும் இன்று ஒரே வரிசையில் நின்று வாங்கித் தின்கிறார்கள்.

ஒரு நகரத்தின் சமையலை அறிய விரும்புகிறவர் அதன் விருந்துகளைப் பார்த்தால் மட்டும் போதாது. கூலி நின்ற மாதத்திலும் கரை உடைந்த வாரத்திலும் அந்நகரத்தார் ஒருவருக்கொருவர் எதைக் கொடுத்தார்கள், எப்படிப் பங்கிட்டார்கள் என்று விசாரிக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் அந்த விசாரணைக்கு விடை சொல்ல நூல் நிலையம் தேட வேண்டியதில்லை. அது காகிதத்தில் சுற்றிக் கைக்கு வருகிறது. அங்கே போகிற தமிழர்கள் ஒரு முழு ரொட்டியாக வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பாதியாகப் பகிர்ந்து தின்னுங்கள். எந்தப் பாதியை அவருக்குக் கொடுப்பது என்று யோசிக்கும் கஷ்டத்தை ஜெண்டூசா என்ற ரொட்டிக்காரர் எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்.